நீர்யானையைப் படம் பிடித்த காலை

என் மகளை நான் ஒரே ஒருமுறை பொய்க்காரி என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அல்ல. முப்பது வயதில், கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது, அவளுடைய தாய்க்கும் தாய்மாமனுக்கும் முன்னால் சொன்னேன். அவள் சொன்னது உண்மை என்பதற்கான சாட்சி அந்த நேரத்தில் என் சேர்ட் பைக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

பயணம் அவள் தந்த பரிசு. "கலியாணத்துக்கு முதல் அப்பாவோடை ஒரு இடம் போகவேணும்" என்றாள். பொட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ என்ற பெரிய சதுப்பு நிலத்துக்கு நடுவே, தண்ணீர் சூழ்ந்த ஒரு தங்குமிடத்தில் நான்கு நாட்களுக்குப் பதிந்துவிட்டாள். மனைவி வரவில்லை. கலியாண வேலை தலைக்கு மேலே கிடக்கிறது என்றாள். சின்ன விமானத்தில் ஏற அவளுக்குப் பயம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் ஒரு மாதமாக எனக்கு வேறு கதை இல்லை. மகள் ஆபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், ஆபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சோமாலிய நண்பர் ஒருவர், ஆபிரிக்கா என்ன ஒரு பஸ் தரிப்பிடமா என்று கேட்டார்.

ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். ஒஸ்லோவில், பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் வீட்டு அலுமாரி நிறையக் குளிர் உடுப்பை வைத்துவிட்டு, அரைக்கைச் சேர்ட் நான்கை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். யூலை மாதம் அங்கே குளிர்காலம். முதல் நாள் விடிய, படகுத்துறையில் எனக்குப் பல் கிட்டியது. நோர்வேயிலிருந்து வந்தவர் நடுங்குகிறார் என்று அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். சிரித்தாலும் ஒரு சுடுதண்ணீர்ப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். மகள் தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

தங்கும் அறைகள் தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நின்றன. அறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையே நீண்ட பலகைப் பாதை. பொழுதுபட்டால் தனியாக நடக்கக் கூடாது, நீர்யானைகள் கரையேறிப் புல் மேய வரும், ஒருவர் துணைக்கு வருவார் என்றார்கள். சுற்றிவர ஆளுயர நாணல், அதற்கிடையே வாய்க்கால்கள், வாய்க்கால் நிறைய அல்லி. போனுக்குத் தொடர்பு இல்லை. எனவே அது எனக்கு வெறும் கமராவாகிவிட்டது. நான் அதைக் கீழே வைக்கவே இல்லை. யானை தண்ணீருக்குள் நடந்து போனால் படம். குருவி அல்லி இலைமேல் நடந்தால் படம். சாப்பாட்டுத் தட்டும் படம். ஊர் திரும்பியதும் உறவுக் குழுவில் போட்டு எல்லோரையும் வாய்பிளக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. மகள் என் பக்கத்தில் இருந்தாள் என்பது எந்தப் படத்திலும் இல்லை.

என்னுடைய "ஓம்" பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அது பேர்போனது. இருபத்தெட்டு வருடமாகப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டே போவார்கள். நான் வீதியைப் பார்த்தபடி, நோர்வே மொழியில் ஆமாம் என்று, "யா, யா" என்பேன். வீட்டுக்கு வந்ததும் அதுவே "ஓம், ஓம்" ஆகிவிடும். ஒருநாள் மனைவி சோதித்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, வீடு எரியுது" என்றாள். ஓம் என்றுவிட்டுச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருந்தவில்லை.

மூன்றாம் நாள் காலை மொக்கோரோ என்று அங்கே சொல்லும் ஒடுக்கமான தோணியில் போனோம். முன்பு மரத்தைக் குடைந்து செய்வார்களாம், இப்போது பைபர். படகோட்டி பின்னுக்கு நின்றபடி நீண்ட தடியால் ஊன்றித் தள்ளுவார். இரண்டு பேர்தான் இருக்கலாம், அதுவும் ஒருவருக்குப் பின் ஒருவராக. நான் முன்னுக்கு, மகள் எனக்குப் பின்னுக்கு. எழும்பக் கூடாது, சத்தமாகக் கதைக்கக் கூடாது என்று படகோட்டி சொன்னார். பஸ்ஸிலாவது பின்னுக்கு இருப்பவர்களைக் கண்ணாடியில் பார்ப்பேன். அங்கே எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

ஒரு வளைவில் படகோட்டி தடியை ஊன்றி நிறுத்தினார். தூரத்தில் ஒரு நீர்யானை. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. நான் போனைத் தூக்கினேன். அது தாழும், மேலே வரும், மூச்சு விடும், திரும்பத் தாழும். எப்போது வாயைத் திறக்கும் என்று பதினொரு நிமிடம் காத்திருந்து எடுத்தேன். வாய் திறக்கவேயில்லை. திரும்பி வரும்போது மகள் ஒன்றும் கதைக்கவில்லை. களைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

ஒஸ்லோவுக்கு வந்து நான்காம் நாள், மைத்துனர் கலியாண அழைப்பிதழ்களை அச்சகத்திலிருந்து எடுத்து வந்திருந்தார். என் மனைவியின் தமையன். லண்டன் மாப்பிள்ளையைப் பேசி முடித்தவரும் அவர்தான். நான் அவருக்கு நீர்யானைக் கதையை அளந்துகொண்டிருந்தேன். மகள் வேலையால் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அப்பாட்டைச் சொல்லிட்டன். என்ரை பக்கம் நிக்கிறன் எண்டு அப்பா ஓமெண்டவர்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா இது? நீங்களும் சேர்ந்தோ?"

மைத்துனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எப்போதும் பயம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் அவர் வீட்டில்தான் இருந்தேன்.

"நான் எப்ப சொன்னனான்?" என்றேன். "பொய் சொல்லாதை. பொய்க்காரி."

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. என் ஓமை எனக்குத் தெரியாதா? எங்கேயாவது, ஏதாவது ஒன்றுக்கு நான் ஓம் போட்டிருக்கலாம். ஆனால் மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார், மனைவி அழத் தொடங்கியிருந்தாள், என்னை யாரும் சதிகாரன் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் குரலை உயர்த்தினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேசைக்கு வந்து இருந்தாள். அழைப்பிதழ்களை ஒவ்வொன்றாக உறையில் போட்டு, முத்திரை ஒட்டத் தொடங்கினாள். பிள்ளைக்கு இது கலியாணப் பயம், எல்லாருக்கும் வாறதுதான் என்று மைத்துனர் சொன்னார். நாங்கள் அதை நம்ப ஆசைப்பட்டோம், நம்பினோம்.

கலியாணம் நடந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லாத கலியாணம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளையும் கெட்டவரில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி இருந்தோம் என்று அவள் பிறகு சொன்னாள். ஒன்றரை வருடத்தில் லண்டனிலிருந்து இரண்டு சூட்கேசுடன் திரும்பி வந்தாள். வீட்டுக்கு வா என்று மனைவி கெஞ்சினாள். அவள் ஸ்டோவ்னரில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டாள். ஒஸ்லோவின் ஒரு தொங்கலில் நாங்கள், மறு தொங்கலில் அவள். பொங்கலுக்கு வருவாள், பிறந்தநாட்களுக்கு வருவாள், சுகம் கேட்பாள். என்னோடு மிகவும் மரியாதையாகக் கதைப்பாள். ஒரு காலத்தில் என்னைப் பகிடி பண்ணாமல் ஒரு சொல் கதைக்காத பிள்ளை அது. அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

இந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் இடமில்லை என்று காட்டியது. குசினி மேசையடியில் இருந்தபடி பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டு போனேன். யானைகளையெல்லாம் அந்த நாளிலேயே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இந்தப் பதினொரு நிமிடத்தை யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு மூக்கை அவ்வளவு நேரம் யார் பார்ப்பார்கள்? அழிக்க முதல் ஒருதரம் பார்ப்போம் என்று போட்டேன். ஏழாவது நிமிடமளவில், நீர்யானை தாழ்ந்து தண்ணீர் மட்டும் தெரிந்தபோது, மகளின் குரல் கேட்டது. மெல்லிய குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"அப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் போலை கிடக்கு. நான் வேண்டாம் எண்டு சொன்னா நீங்கள் என்ரை பக்கம் நிப்பியளோ?"

"ஓம், ஓம்" என்கிறது என் குரல். "அங்கை பார் பிள்ளை, வருது, வருது."

மனைவியைக் கூப்பிடவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனை தரம் போட்டாலும் நான் ஓம் என்றேன். பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரயில் பிடித்து ஸ்டோவ்னருக்குப் போனேன். சொல்லாமல் வந்ததால் மகள் பயந்துவிட்டாள்.

"என்னப்பா, அம்மாவுக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. இதைக் கேள்."

சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே போட்டுக் காட்டினேன். அவள் கேட்டு முடித்து, போனை வாங்கி நிறுத்தினாள்.

"நீ பொய் சொல்லேல்லை. நான்தான் பொய் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். அறுபது வயது கடந்து, ஒருவரிடமும் அதுவரை சொல்லாத சொல்.

"பரவாயில்லை அப்பா. நீங்கள் கேக்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். கேட்டுக்கொண்டிருந்திருந்தா எனக்கு வாய் திறந்திராது."

எனக்கு விளங்கவில்லை. "தெரிஞ்சுகொண்டு பிறகேன் வீட்டிலை நான் ஓமெண்டனான் எண்டு சொன்னனி?"

அவள் போனை என் கையில் திருப்பித் தந்தாள்.

"நான் அப்பிடிச் சொன்னா, ஞாபகமில்லாட்டியும், ஓம் சொன்னனான்தான் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்."