புகைப்படத்தில் புகை எங்கே?

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் கார் மெக்கானிக் ஒருவன். இங்கிலீஷ்காரன் காலத்துக் கார் ஒன்றை வாங்கி, மூன்று வருடம் தட்டிக் கொட்டி ஓட வைத்திருந்தான். பிரசவத்துக்குச் சில மைல் தள்ளி ஆரணிப் பக்கம் தாய்வீடு போன மனைவியையும் குழந்தையையும் அந்தக் காரில்தான் அழைத்து வருவேன் என்று சபதம் வேறு.

இரண்டு முறை போனான். இரண்டு முறையும் கார் ஊர் எல்லையில் படுத்துக்கொண்டது. மாமனாரின் உழவு மாடுகள்தான் வீட்டு வாசல்வரை இழுத்து வந்தன. "இந்த வண்டியில எம் பொண்ண அனுப்ப மாட்டேன் மாப்ள. சக்கரம் சுத்தறத என் கண்ணால பாக்கணும்" என்றுவிட்டார் அவர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸில் அழைத்து வந்துவிடேன் என்றேன். வீம்பு பிடித்தவன் கேட்டால்தானே.

"சக்கரம் சுத்தி, டயர்ல பொக வர மாதிரி ஒரு படம் புடிச்சிக் குடுபா. மாமா கண்ணால பாக்கட்டும்."

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். வேகமான வண்டிக்கு வேகமான ஷட்டர். ஐந்நூறில் ஒரு பங்கு வினாடி வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அவன் ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சைப் படாரென்று விட்டான். டயர் கத்தியது, புகை கிளம்பியது, நான் அழுத்தினேன். கழுவிப் பார்த்தால் சக்கரத்தில் போல்ட்டைக்கூட எண்ணலாம். கார் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. புகை வெள்ளை, வானமும் வெள்ளை. இரண்டும் கலந்து காணாமல் போய்விட்டன.

"இன்னாபா இது? போர்டுல புகைப்பட நிலையம்னு எழுதிக்கினுகீற, பொகயக் காணோமே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் மாமனார் வீட்டுக்குப் போனோம். "நிக்கிற வண்டிதான? இத நான் நேர்லயே பாத்துக்கீறனே" என்றார்.

அடுத்த முறை ஷட்டரைப் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கினேன். கார் என்னைக் கடந்து ஓடியது. காரே கலங்கிப் புகைபோல் ஆகிவிட்டதால் படத்தில் புகை இருந்தது, கார் இல்லை. மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா மாப்ள, ஊடு பத்திக்கிச்சா?" என்று விசாரித்தார். உள்ளே குழந்தை அழுதது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாவமாக இருந்தது.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் மண்டையில் ஏறியது. சக்கரம் சுற்றுவது தெரிய மெதுவான ஷட்டர் வேண்டும். ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

"ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்கினு மிதி" என்றேன்.

"அது இருந்தா நான் ஏன் பேஜாரு படறேன்?"

ஆகவே மாட்டுக்கயிற்றை நாலாக முறுக்கி, காரின் பின்பக்கத்தைப் பனைமரத்தில் கட்டினோம். பின் டயர்கள் வழுக்கிச் சுற்றிப் புகைய, அடியில் கழிவு ஆயில் ஊற்றினோம். பின்னால் பனந்தோப்பு இருட்டாக இருந்ததால் புகை தப்ப முடியாது. சாயங்கால வெயில், ஸ்டாண்டில் கேமரா, வெளிச்சம் அதிகமாகாமல் இருக்க அப்பர்ச்சர் இருபத்திரண்டு, ஷட்டர் அதே பதினைந்தில் ஒரு பங்கு. அவன் மிதித்தான். பனைமரம் ஆடியது. நான் அழுத்தினேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. கார் பளிச்சென்று தெரிந்தது. சக்கரம் சுழன்றது. புகை மேகமாகக் கிளம்பியது. கயிறும், அதன் முடிச்சு உட்பட, மிகத் தெளிவாக விழுந்திருந்தது. மறைக்க வழியில்லாமல் அப்படியே கொண்டு போனோம்.

மாமனார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் நேராகக் கயிற்றில் போய் நின்றது.

"கட்டிப் போட்டுக்கீறீங்களா?"

மெக்கானிக் தலையை ஆட்டினான். "ஆமா மாமா."

"அவுத்தா ஓடிப்பூடுமா?"

"...ஆமா மாமா."

"அப்ப சரி. படுத்த மாட்ட எவன் கட்டுவான்? பொண்ணக் கூட்டிக்கினு போங்க. ஆனா அந்தக் கவுறு வண்டியிலயே இருக்கணும்."

மறுநாளே காரில் போனான். அதிசயமாக, ஊருக்குள் ஓடியே போனது. மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு திரும்பியபோதுதான் ஆரணியாற்றங்கரையில் படுத்துவிட்டது. கயிறு கையோடு இருந்ததால் நல்லதாகப் போயிற்று. மாமனாரின் மாடுகளை வரவழைத்துப் பூட்டி, மூவரும் காரிலேயே புதுவாயல் வந்து சேர்ந்தார்கள். சபதத்தில் மாட்டைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.