எல்லாரும் எழுந்துபோன காட்சி

எங்கள் அண்ணியிடம் கறையைப் பற்றிப் பொய் சொல்லித் தப்பித்தவர் இதுவரை யாரும் இல்லை. அண்ணனுடைய லாண்டரியில் கறை எடுப்பது அவர் வேலை. சட்டையைக் கவுன்டரில் விரித்து, மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து, "என்ன கொட்டுச்சு?" என்று கேட்பார். மருந்தை மாற்றிப் போட்டால் துணி பொத்தலாகிவிடும், அதனால் கேட்டே ஆக வேண்டும். போன மாதம் ஒருவர் காலரில் இருந்த சிவப்பைப் பெயிண்ட் என்று சாதித்தார். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறதாம். அண்ணி முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "நல்ல கலருங்க. எந்த ரூமுக்கு?" என்று கேட்டார். மனிதர் ரசீதுகூட வாங்காமல் ஓடிவிட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிவைத்திருந்து, அப்புறம் அண்ணி சிரித்த சிரிப்பில் ஹேங்கர்கள் எல்லாம் ஆடின.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டார். அவர் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார்.

பெரிய வேஷமில்லை. அப்போது அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தார். அங்கே படம் பிடிக்க வந்தார்கள். நர்ஸாக நடிக்க வேண்டிய பெண் வந்து சேரவில்லை. டைரக்டர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அண்ணிக்கு வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டார். ஒரு காட்சி, ஒரு வசனம். அடுத்த படத்துக்குக் கட்டாயம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். படம் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனது, அவரும் போனார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த எழவு' என்றாலே எல்லாருக்கும் புரியும்.

அண்ணனுக்கு அந்தப் படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், ஆசையாகத் தலைசீவிக்கொண்டு தியேட்டருக்குப் போனால், வாசலில் வேறு படத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்த ஏமாற்றத்தில் பிடித்த பைத்தியம்தான், ஓடாத படமாகத் தேடித்தேடிப் பார்ப்பது. ஓடின படத்தை ஊரே பார்க்கும், ஓடாததை யார் பார்ப்பது என்பார். ஏதோ அனாதைக் குழந்தைகளுக்குச் சோறு போடுகிற மாதிரி பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாண்டரியின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடியில் கூடுவோம். வெளுத்த கோட்டுகளும் கம்பளிகளும் பிளாஸ்டிக் உறையில் வரிசையாகத் தொங்கும் அறை. யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன வெள்ளைப் படுக்கை விரிப்புதான் திரை. ஒவ்வொரு முறையும் அண்ணன் அதை நீராவி வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் மாட்டுவார். கதாநாயகி முகத்தில் சுருக்கம் விழக் கூடாதாம். கூட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன், பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், நான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் பூராவும் "பிரேக், பிரேக்" என்று கத்துகிற தொண்டை, அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது.

எங்கள் சட்டதிட்டம் கொஞ்சம் கறார். படத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. படம் எந்த இடத்தில் கவிழ்ந்தது என்று ஒருவருக்குத் தோன்றுகிறதோ அந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒருவருக்கு ஒரே கை. தூக்கிவிட்டால் தூக்கியதுதான், அப்புறம் அதைவிடக் கேவலமான காட்சி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, படம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. தியேட்டரில் அவனவன் பாதியில் ஓடிப்போனதற்கு நாம் செய்கிற பிராயச்சித்தம் இது என்பார் அண்ணன்.

மெக்கானிக்குக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்யப் போகிற இடமெல்லாம் ஓட்டைப் படம் கிடைக்கும். ஒரு நாள் ஒரு பழைய வீடியோ கடையைக் காலி செய்கிறார்கள் என்று போய் ஒரு மூட்டை டிஸ்க் அள்ளிவந்தார். கவுன்டரில் கொட்டியபோது மேலே கிடந்தது அந்த எழவேதான். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். அண்ணி கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை போடட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். வெட்கப்படுகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க. நான் மேல வர மாட்டேன்," என்றார் அண்ணி.

அது வெட்கமில்லை. விஷயம் எனக்கு மட்டும் தெரியும். என் கல்யாணம் முறிந்து நான் அழுது வீங்கிக் கிடந்த காலத்தில், அவமானம் உனக்கு மட்டுமா நடந்தது என்று சொல்லி அண்ணி தன் கதையைச் சொன்னார். முதல் காட்சிக்கு யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காட்சி வந்தது. வசனம் சொன்னார். சொன்னதுதான் தாமதம், ஜனங்கள் எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். வரிசை வரிசையாக நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன. படம் முடியவில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். பனிமலையில் ஒரு பாட்டு எடுக்கப் போகிறோம், அதுதான் படத்துக்கே உயிர் என்று படப்பிடிப்பு அன்றைக்கே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்கூட வேண்டாம் என்று எழுந்துபோகிறார்கள் என்றால், தன் மூஞ்சியைச் சகிக்க முடியாமல்தானே? கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வெளியே ஓடியவர், அதற்கப்புறம் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்கவில்லை. படத்தை மூழ்கடித்தது தான்தான் என்று அன்றைக்கு மனசில் போட்ட முடிச்சு. அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அதனால் நான் டாக்டரையும் மெக்கானிக்கையும் தனியே மடக்கினேன். காரணம் கேட்கக் கூடாது, நர்ஸ் வரும் காட்சியில் எவன் கையாவது மேலே போனால் அந்தக் கை அப்புறம் பல் பிடுங்கவும் உதவாது, லிஃப்ட் பட்டன் அமுக்கவும் உதவாது என்று சொல்லிவைத்தேன். இரண்டு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அண்ணனிடமும் பொதுவாக, "அண்ணி வர்ற இடத்துல கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றேன். நான் என்ன பைத்தியமா என்று கோபித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. ஐயோ, என்ன படம் அது! கதாநாயகன் தனக்கே இரட்டைச் சகோதரன் வேஷம் போட்டு வில்லனை ஏமாற்றுகிறான். அரை மணியில் வில்லன் குழம்பி, கதாநாயகி குழம்பி, கடைசியில் அவனே தன்னைத் தேடிப் போகிறான். ரப்பர் முதலையோடு அவன் கட்டிப்புரண்டபோது, முதலையின் வயிற்றில் தையல் பிரிந்து பஞ்சு தெரிந்தது. டாக்டர் கையைத் தூக்கிவிட்டார். அவர் எப்போதுமே அவசரக்காரர். மெக்கானிக், லிஃப்ட் மேலே போகும்போது வெளியே தெரிந்த சுவரும் கூடவே மேலே போனதைப் பார்த்துத் தொழில் தர்மம் தாங்காமல் தூக்கினார். நானும் அண்ணனும் மட்டும் கையை மிச்சம் வைத்திருந்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது, ஆனால் உள்ளுக்குள்ளே ஒரே திகில். திரும்பிப் பார்த்தேன். தொங்கும் கோட்டுகளுக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வர மாட்டேன் என்றவர் வந்துவிட்டார்.

கதாநாயகன் கத்திக்குத்துப் பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வராந்தாவில் அம்மாக்காரி, காதலி, எல்லாரும் அழுகிறார்கள். கதவு திறந்து நர்ஸ் வந்தார். எங்கள் அண்ணி! ஒல்லியாக, பெரிய கண்களோடு. உள்ளே நோயாளி தூங்கினால் எப்படிச் சாத்துவார்களோ அப்படிச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இனிமே பயமில்லைங்க. பிழைச்சுட்டார்," என்றார்.

அவ்வளவுதான். அறையே பெருமூச்சு விட்டது. "அப்பாடா," என்று டாக்டர் பையை எடுத்தார். மெக்கானிக் காலால் செருப்பைத் துழாவினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து விளக்கைப் போட்டார். நானும், எல்லாரையும் மிரட்டிவைத்த மகராசி நானும், இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன். கை தூக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தேன். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

கோட்டுகள் விலகின. அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் எழுந்தாங்க," என்றார்.

அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அண்ணி இரண்டே வார்த்தையில் சொன்னார். தியேட்டரில் எழுந்துபோனார்கள், என்னைப் பார்க்கப் பிடிக்காமல். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. 

அப்போது திரையில் தடதடவென்று டிரம் அடித்தது. இப்போதுதான் பிழைத்த கதாநாயகன், கையில்லாத பனியனோடு பனிமலைச் சரிவில் உருண்டுகொண்டிருந்தான். பாட்டு. பின்னால் பத்துப் பேர் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கியபடி ஆடுகிறார்கள். படிக்கட்டில் ஒரு காலில் மட்டும் ஷூவோடு நின்ற டாக்டர் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கா இது?" என்று கேட்டார்.

அண்ணன் திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"நாங்க எதுக்கு எழுந்தோம்னு நினைக்கிறே?"

"தெரியாதா எனக்கு?"

"படம் முடிஞ்சுதுன்னு எழுந்தோம்," என்றார் அண்ணன். "பிழைச்சுட்டார்னு நீதானே சொன்னே. நம்பிட்டோம்."

அண்ணி மூலையில் இருந்த மேஜை விளக்கை இழுத்துவந்து டாக்டர் முகத்துக்கு நேரே பிடித்தார். கறை பார்க்கிற அதே பார்வை. டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சத்தியமாக டீ குடிக்கத்தான் கிளம்பினேன் என்றார். அடுத்து மெக்கானிக். அவருக்கு ஆறு மணிக்கு ஒரு லிஃப்ட் பார்க்க வேண்டுமாம், படம் சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டாராம். என் முகத்துக்கு விளக்கு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பொய் யார் முகத்திலும் இல்லை.

"அப்போ தியேட்டர்ல..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"தியேட்டர்லயும் நீ சொன்னதை நம்பிட்டாங்க. அந்த டைரக்டர்தான் படத்தை அங்கே முடிக்காம விட்டுட்டான்."

அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அண்ணன் ஓடினார். சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்த சிரிப்பு. முட்டாள் மாதிரி ஓடினேனே, கைக்குட்டையை வேற போட்டு மூடிக்கிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் இந்தப் பனியனைப் பார்த்திருப்பேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கம்பியிலிருந்து ஒரு கோட்டு நழுவி மெக்கானிக் தலையில் விழுந்தது. அவர் அதை எடுக்காமலே உள்ளே இருந்து சிரித்தார். எனக்கு மூச்சு முட்டியது. என் அண்ணியை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

சட்டம் சட்டம்தான் என்று அண்ணன் மறுபடி விளக்கை அணைத்தார். எல்லாரும் உட்கார்ந்து பாட்டைக் கடைசிவரை பார்த்தோம். கதாநாயகன் பனியைக் கையில் அள்ளிக் காதலியின் வாயில் ஊட்டினான். நடு நாற்காலியிலிருந்து ஒரு கை நிமிர்ந்து மேலே போனது. மருந்து பட்டு நகம் வெளிறிய கை.

"இங்கதான்," என்றார் அண்ணி. "படம் கவிழ்ந்தது இங்கதான்."

 படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அண்ணி ரிமோட்டை அண்ணன் கையிலிருந்து பிடுங்கிப் பின்னால் ஓட்டினார். மறுபடி அந்த வராந்தா, அந்தக் கதவு.

"பழைய மாதிரியே எழுந்திருக்கணும். எனக்கு நல்லாப் பார்க்கணும்," என்றார்.

நர்ஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார், மூச்சு இழுத்துவிட்டார், சொன்னார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எழுந்து நின்றோம். அண்ணி மட்டும் உட்கார்ந்து பார்த்தார்.