கறிவேப்பிலைத் தொட்டிக்குள் இருந்த போத்தல்

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், குளிர் தொடங்குமுன் எல்லாத் தமிழ் வீடுகளிலும் ஒரே வேலை நடக்கும். பல்கனியில் கோடை முழுக்க வெயில் காய்ந்த கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே இழுப்போம். பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்க மறந்தாலும் மறப்போம், கறிவேப்பிலையைப் பனிக்குக் கொடுக்க மாட்டோம். அந்த வருடம் எனக்கு மனம் எதிலும் ஒட்டவில்லை. கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்று டொக்டர் சொல்லி, சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார். மகளிடம் "சின்ன விஷயம்" என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். உண்மையில் எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

வீட்டில் நானும் மகளும்தான். நான் ஊரிலிருந்து வந்தவள், அவள் இந்தப் பனிநாட்டிலேயே பிறந்தவள், யூனிவர்சிட்டியில் கடைசி வருடம். விடிய எழும்பிப் பல்கனியில் வெறுங்காலோடு இருப்பாள். முன்னால் ஒரு கிண்ணத்தில் மண், இன்னொன்றில் தண்ணீர். மண்ணில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடினால் பஸ் சத்தமோ என் சத்தமோ அவளுக்குக் கேட்காது. தியானம் என்று நினைத்தேன். றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். பௌர்ணமிக்கு அவள் வெளியே வைத்த தண்ணீரை, மறந்துபோய் விட்டுவிட்டாள் என்று நினைத்து சிங்கில் ஊற்றியும் இருக்கிறேன். அன்று சாப்பிடும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

தொட்டியை உள்ளே இழுத்ததும் மண்ணை மாற்றலாம் என்று கரண்டியால் கிண்டினேன். கண்ணாடியில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் ஒரு ஜாம் போத்தல். மூடியைச் சுற்றிக் கறுப்பு மெழுகு உருக்கி ஊற்றி இறுக்கியிருந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், ஊசிகள், உப்பு, ஏதோ காய்ந்த இலைகள், சிவப்பு நூலால் கட்டிய ஒரு கொத்து முடி. அடி வெள்ளையும் நுனி கறுப்புமாக, சாயம் பூச நேரமில்லாதவளின் முடி. என்னுடைய முடி.

போத்தலை நிலத்தில் வைத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரேயொரு பெயர்தான் உண்டு. செய்வினை. ஆளின் முடியை எடுத்து, ஊசியும் ஆணியும் சேர்த்து, அவர் புழங்கும் இடத்தில் புதைத்தால் அவர் நோய்ப்பட்டுச் சாவார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னை அறியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கட்டி அங்கேயே இருந்தது.

யார் செய்தது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பிரிந்துபோன கணவரின் தமக்கை, என் மச்சாள், கோடையில் வந்து எங்களோடு தங்கினாள். போகும்போது பெரிய சண்டை. வாசலில் நின்று, "நீ நல்லா இருக்கமாட்டாய்" என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டில் ஏறினாள். என் சீப்பு குளியலறையில்தானே கிடக்கும். மகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தேன்.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் சாத்திரம் பார்க்கும் ஐயா ஒருவர் இருந்தார். செய்வினையை எடுக்கிற கழிப்பும் கழிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போத்தலைப் பழைய துணியில் சுற்றி, மடியில் வைக்கப் பயந்து, பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போனேன். கற்பூரப் புகைக்கு அலாரம் அடிக்காமல் இருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியைக் கூரையில் இருந்த அலாரத்துக்கு மாட்டியிருந்தார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கழிச்சு மட்டும் விடுறதோ, செய்த ஆளுக்கே திருப்பி விடுறதோ?"

"திருப்பி விடுங்கோ ஐயா."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. போனால் பிறகு கூப்பிடேலாது."

"நான் யோசிச்சிட்டன்."

நீற்றுப்பூசணி வெட்டினார். போத்தலைக் கறுப்புத் துணியில் முடிந்து என் முன்னாலேயே சுத்தியலால் அடித்து நொறுக்கினார். வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மச்சாளின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு வந்தது செய்தவளுக்குப் போகட்டும்." என் குரல் நடுங்கவில்லை. திரும்பி வரும்போது பல நாளைக்குப் பிறகு பசித்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். நெற்றி கொதித்தது.

"தொண்டை நோகுது அம்மா. விழுங்கேலாமல் இருக்கு."

எல்லாருக்கும் வருகிற தடிமன் காய்ச்சல்தானே என்று மல்லி அவித்து, இஞ்சியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, ஹோல் மூலையில் நின்ற தொட்டியைப் பார்த்தாள்.

"மண் மாத்தினீங்களோ?"

"ஓம்."

"அதுக்குள்ள ஒரு போத்தில் இருந்திருக்குமே. எங்க?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். பதில் வேண்டாம் என்று மனம் கெஞ்சியது.

"நான்தான் வச்சனான். சின்ன விஷயம் எண்டு சொன்னீங்கள், ஆனா நீங்கள் பாத்ரூமுக்குள்ள அழுறது எனக்குக் கேட்டது. அது புரொடெக்ஷன் அம்மா. ஊசி எல்லாம் உங்களுக்குக் குத்த இல்லை, உங்களிட்ட வாற கெட்டதைக் குத்த. ஐ ஆம் அ விட்ச். மண்ணையும் மரத்தையும் கும்பிடுறம், ஒருத்தருக்கும் கெடுதல் செய்யிறதில்லை. சொன்னால் பயப்பிடுவீங்கள் எண்டு சொல்லேல்லை."

சூனியக்காரி என்று என் பிள்ளை தன் வாயால் சொன்னதற்கு நான் பயப்படவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை. அவள் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுகிற கழுத்து. விழுங்க முடியாத தொண்டை. எனக்கு வந்தது செய்தவளுக்குப் போகட்டும். ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் எடுத்தேன், மீண்டும். போனதைத் திருப்பிக் கூப்பிட முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தாரே.

"ஆருக்கு அடிக்கிறீங்கள்?"

சொல்லிவிட்டேன். பேஸ்மெண்ட், பூசணி, சுத்தியல், சொன்ன சொல், எல்லாவற்றையும். மருந்துக்கடை ஆட்களிடம் விவரம் சொல்வதுபோல வேகமாகச் சொன்னேன், ஏதாவது செய் என்று. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவளும் வெளிறிப்போனாள்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் வச்சது காவல். திருப்பி விட்டால் காவல்தான் எனக்கு வரும்" என்றாள்.

"நான் சொன்னது காவல் இல்லைப் பிள்ளை. என்ர கட்டியை அனுப்பினனான்."

"அப்பிடியெண்டால்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"சொல்லு."

"எங்களிட்ட ஒரு ரூல் இருக்கு. ஒராளுக்குக் கெடுதல் நினைச்சு அனுப்பினால் அது மூண்டு மடங்கா அனுப்பின ஆளுக்கே திரும்பி வரும். எல்லாரும் அதை நம்புறேல்லை. நான் நம்புறன்." அவள் அழத் தொடங்கினாள். "உங்களுக்கு ஒப்பரேஷன் வருது அம்மா."

அவளுக்கு அது பயம். எனக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், மூச்சு வந்தது. "வடிவாச் சொல்லு. மூண்டு மடங்கும் எனக்கே வருமோ? உன்னட்ட ஒண்டும் மிஞ்சாதோ?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். "அப்ப சரி. உன்ர ரூலே இருக்கட்டும்" என்றேன். அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

காய்ச்சல் சில நாளில் விட்டது. விட்ட அன்றைக்கே அவள் வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, முடி கேட்டாள். சீப்பில் தேட விடாமல் கத்தரிக்கோலால் நானே வெட்டிக் கொடுத்தேன். சேலை குத்தும் ஊசிகளையும் கொடுத்தேன். பிறகு அவளுடைய முடியிலும் ஒரு கொத்து வெட்டிப் போடச் சொன்னேன்.

"அப்பிடிச் செய்யேலாது அம்மா. ஆரைக் காக்கிறதெண்டு அதுக்குக் குழம்பிடும்."

"குழம்பட்டும். குழம்பினால் உன்னைப் பார்க்கட்டும்."

அதே தொட்டியில் புதைக்கும்போது என் கையையும் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினாள். கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். மண் குளிர்ந்திருந்தது. நான் மூச்சைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் அவள் எச்சில் விழுங்கும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டியை எடுத்தார்கள். கெட்டதாக இருக்கவில்லை. கழுத்தில் தழும்பு இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மடங்காக ஒன்றும் வரவில்லையே என்று மகள் சந்தோஷப்படுகிறாள். எனக்கு அதுதான் பயம். என்னிடம் வரவில்லையென்றால் அது எங்கே நிற்கிறது? அவள் ஒருமுறை இருமினாலும் நான் எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன். குளிருக்கு முன் உள்ளே இழுப்பதோடு சரி. இலை மஞ்சளாகிறது, மண்ணை மாற்று என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மாற்றுவதில்லை.