கிளிக்காரி மார்க்கு

நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது என் கணவரின் மகளுக்கு ஏழு வயது. அவளைப் பெற்றவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போட்டோ எதுவும் கிடையாது. பாகூர்ப் பக்கம் அப்போது யார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? ஆனால் ஒரு படம் இருந்தது.

புதுச்சேரி மில் ஒன்றின் துணியில், பீசுக்கு ஒன்றாக உள்ளங்கை அகல வண்ணச் சீட்டு ஒட்டி வரும். கையில் கிளியோடு ஒரு பெண். கிளிக்காரி மார்க்கு என்றால்தான் கடையில் துணியை எடுத்துப் போடுவார்கள். சீட்டை உரித்துக் கதவிலும் பெட்டியிலும் ஒட்டாத வீடு இல்லை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒன்று இருந்தது. "அச்சு அவதான்" என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். அதன்பின் அந்தப் பெட்டியை நான் நிம்மதியாகத் திறந்ததில்லை.

சிறுமி காலையில் பாவாடை எடுக்கும்போது அந்தச் சீட்டைத் தொட்டு, "அம்மா, பள்ளிக்கூடம் போயிட்டு வரேன்" என்பாள். என்னைச் சித்தி என்பாள். தலை வாரிவிடுவது நான், காய்ச்சலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். அம்மா என்ற சொல் மட்டும் காகிதத்துக்குப் போனது. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள் நான். சீமையில் அச்சடித்த படத்தின் மேல் பொறாமைப்படுவது அபத்தம் என்று தெரியாதா? தெரிந்தும் எரிந்தது.

ஒரு வருஷம் மில்காரர்கள் மார்க்கை மாற்றிவிட்டார்கள். கிளிக்காரி போய், பல் வைத்த சக்கரம் வந்தது. ஜவுளிக்கடையில் ஒரே சத்தம்.

"இன்னாபா இது, சக்கரம்? எங்க கிளிக்காரி எங்க?"

"அதே நூலு, அதே தறிம்மா. சீட்டுதான் வேற."

"சக்கரத்த நீயே கட்டிக்கினு சுத்து. எனக்கு வாணாம்."

துணி சாயம் போகிறது, அவள் இருந்தவரை போனதில்லை என்றார்கள். இறந்தவளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அது நிலைக்கவில்லை. சீட்டு அரிதானதும் பக்கத்துத் தெருப் பெண்கள் எங்கள் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி வந்தார்கள். "மகராசி, அப்படியே நிக்கிறா பாருடி" என்று என் கூடத்தில் நின்றே சொன்னார்கள். நான் மோர் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம், சிறுமி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ஈரத்துணியால் சீட்டைத் தேய்த்தேன். முழுதாக எடுத்துப் பரணில் போடத்தான் நினைத்தேன். அவசரத்தில் இழுத்தேன். முகம் இரண்டாகக் கிழிந்தது. பதறிப்போய், மூடியில் மிஞ்சியிருந்த கிளியும் கையும் மறைய, அதன் மேலேயே சக்கரச் சீட்டை ஒட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அவள் பெட்டியைத் திறந்தாள். கை மூடிவரை போய் நின்றது. அழவில்லை. பாவாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றுமுதல் என்னைச் சித்தி என்றும் கூப்பிடவில்லை. "சோறு" என்பாள், "தலை வாரணும்" என்பாள். கூப்பிடும் சொல் நின்றுவிட்டது.

போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட சீட்டைத் தேடி நானே அலைந்தேன். தவளக்குப்பத்தில் மூன்று வீடுகளில் தர மறுத்தார்கள். கிருமாம்பாக்கத்தில் கரும்பு வெட்டும் வீட்டுப் பெண் ஒருத்தியின் கதவில் ஒன்று இருந்தது.

"படிச்ச பொம்பளையாட்டம் கீற. ஒரு காயிதத்துக்கா இம்மாந்தூரம் நடந்து வந்த?"

"எங்க வீட்டுல இருந்தத நான் கிழிச்சிட்டேன். பொண்ணு பேச மாட்டேங்குது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன் வயித்துப் பொண்ணா?"

"இல்ல."

வெந்நீரில் நனைத்த துணியைச் சீட்டின் மேல் ஒத்தி வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தாள். நெடுநேரம் கழித்து ஓரத்தை நகத்தால் தூக்கினாள். ஒரு கிழிசல் இல்லாமல் உரிந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிறுமியிடம் கொடுத்தேன். ஆவலோடு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது இல்ல. எங்க அம்மா கைகிட்ட எண்ணெக் கறை இருக்கும். நான் தொட்டுத் தொட்டு வந்தது." என் கையிலேயே திருப்பி வைத்தாள். "இத நீயே வச்சுக்க."

வைத்துக்கொண்டிருக்கிறேன். என் பெட்டி மூடியில், உள்பக்கம். புடைவை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கிளிக்காரி என்னைப் பார்க்கிறாள். கறையில்லாத, அழகான கை. இன்னும் எரிகிறது.

போன வாரம், கட்டிக்கொடுத்துப் போன அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம். தலைப்பிரசவம், ஐப்பசியில் வருகிறாள். "அப்பாவுக்கு" என்று தொடங்கியிருக்கிறாள். அடியில், "வீட்டில் இருப்பவரை என் பழைய தகரப் பெட்டியைத் துடைத்து வைக்கச் சொல்லவும்."

துடைத்துவிட்டேன். சக்கரச் சீட்டின் மேல் வெந்நீர்த் துணியை ஒத்தி வைத்திருக்கிறேன். இந்த முறை இழுக்கவில்லை.