எங்கள் வீட்டு செகண்ட்ஸ் லேப்டாப்

அரசுப் பணியில் என் காலம் பெரும்பாலும் கொள்முதல் பிரிவில் கழிந்தது. குண்டூசியிலிருந்து ஜீப் வரைக்கும் முறைப்படி வாங்கியிருக்கிறேன். மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், தொழில்நுட்பக் கருத்துரை, மேலதிகாரியின் ஒப்புதல், எல்லாம் முடிந்து பொருள் பழசான பிறகு தணிக்கைக்காரரின் ஆட்சேபணை. இந்த வரிசை ஒருநாளும் பிசகியதில்லை. அப்படி வாங்கிய மின்விசிறிகள் சத்தம் போட்டன, காற்று தரவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எழுந்தால் நாற்காலியின் ஒரு பாகமும் கூடவே எழுந்தது. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகவே மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

2008 வாக்கில் நடந்தது இது. மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் ஒப்பந்த வேலை. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பு செய்துகொண்டிருந்த மகள், அதை விட்டுவிட்டு விருத்தாசலத்தில் எங்களோடு வந்து இருந்தாள். வந்த முதல் மாதம் அலமாரிகளை ஒழுங்கு செய்தாள். அடுத்த மாதம் அதே அலமாரிகளை வேறு விதமாக ஒழுங்கு செய்தாள். மூன்றாவது மாதம் என்னையும் ஒழுங்கு செய்துவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தபோதுதான் கடைவீதி மாடியில் இருந்த ஸ்டுடியோக்காரர் வழி காட்டினார்.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டுடியோக்காரர்கள் வைகாசி, ஆனிக் கல்யாணங்களின் ஆல்பங்களை அப்போதுதான் முடிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர் படங்களைச் சென்னைக்கு அனுப்பிப் பக்கங்களை வடிவமைத்து வாங்கிக்கொண்டிருந்தார். மகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

"ஒரு ஆல்பம் செஞ்சு காட்டும்மா. பார்ட்டிக்குப் புடிச்சிருந்திச்சின்னா நம்ம கடை வேலை பூரா ஒனக்குத்தான். புடிக்கலன்னா பழையபடி மெட்ராசுக்கே அனுப்பிடுவேன், மனசுல வெச்சிக்கக் கூடாது. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள வேணும்."

"சரிங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவள் அதன் பிறகு அந்த ஆல்பத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அதிலிருந்தே தெரிந்தது.

ஸ்டுடியோவில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் அவரே உட்கார்ந்திருப்பார். எங்களுக்கென்று ஒன்று வேண்டும். மின்வெட்டு ஊரையே ஆண்டுகொண்டிருந்த காலம் என்பதால் பேட்டரியில் ஓடும் லேப்டாப்தான் சரி. ஆடித் தள்ளுபடியில் புதுச்சேரியில் ஒரு கடை லேப்டாப்புகளைக் குறைத்துப் போட்டிருந்தது. புதுச்சேரியில் எதுவும் மலிவு என்பது எங்கள் மாவட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. எந்தப் பொருளை வைத்து அந்த நம்பிக்கை வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். மனைவி கடற்கரையைப் பார்க்கத்தான் வருவதாகச் சொன்னாள். லேப்டாப் விஷயத்தில் தலையிடப் போவதில்லை என்றும் சொன்னாள். நெய்வேலி தாண்டுவதற்குள், "எதையும் தட்டிப் பாத்து வாங்குங்க" என்றாள்.

கடையில் எங்கள் விலைக்குள் இரண்டு இருந்தன. தள்ளுபடி போக இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. ஒன்றின் திரை கண்ணாடிபோல் பளபளத்தது. உள்ளே இருப்பது சுமாரான இயந்திரம். மற்றது அலுவலகங்களுக்கென்று செய்தது; வேகமானது, மெமரியும் இரு மடங்கு. ஆனால் அதன் திரையைப் பார்த்தால் யாரோ அதன்மேல் இட்லித் துணியை விரித்துவிட்டு எடுக்க மறந்ததுபோல் இருந்தது.

மகள் பையிலிருந்து தன் கல்யாணப் படம் ஒன்றின் பிரிண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதே படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். கொள்முதல் பிரிவில் இதற்கு ஒப்புதல் பெற்ற மாதிரி என்று பெயர். சொல்லிக்கொடுக்காமலே செய்தாளே என்று எனக்குப் பெருமை.

பளபளப்புத் திரையில் அவளுடைய கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு அப்படியே வந்தது. ஜரிகை மின்னியது. மனைவி, "அட, அப்பிடியே இருக்குது பாரு" என்று திரைக்குள்ளேயே போய்விட்டாள். மங்கல் திரையில் அதே புடவை புளிக்குழம்பு நிறத்தில் இருந்தது.

"இது செகண்ட்சுங்க" என்றாள் மனைவி, தீர்ப்பாக.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பீங்கான் ஊரில் பிறந்தவர்களுக்கு உலகம் இரண்டு வகை. பளபளப்பாக இருந்தால் நல்ல சரக்கு. மங்கலாக இருந்தால் சூளையில் சரியாக வேகாதது. கம்பெனி வாசலில் செகண்ட்ஸ் என்று கூடையில் குவித்து விற்பார்கள். கப், சாசர், பொம்மை, மாப்பிள்ளை எல்லாவற்றையும் என் மனைவி அப்படித்தான் பார்ப்பாள். லேப்டாப்பின் மூடியை நகத்தால் சுண்டி, காதை வைத்தும் கேட்டுவிட்டாள்.

விற்பனையாளர் பதறிப்போனார். "அம்மா, தட்டாதீங்கம்மா. டிஸ்ப்ளே பீசு."

"டிஸ்ப்ளே பீசுன்னா நல்லா ஒழுங்கா இருக்க வேணாமா?"

நான் இடையில் புகுந்தேன். அலங்காரம் வேறு, செயல்திறன் வேறு என்றும், பயன்பாட்டு நோக்கத்துக்கு உகந்த பொருளையே வாங்க வேண்டும் என்பது அடிப்படை விதி என்றும் எடுத்துச் சொன்னேன். விற்பனையாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் ஆட்டியிருப்பார்.

"சார், வேலைக்குன்னா இது" என்று மங்கலைக் காட்டினார். "படம் பாக்கன்னா அது."

"என் வேலையே படம் பாக்கறதுதாங்க" என்றாள் மகள்.

எனக்கு அதற்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மகள் பென் டிரைவிலிருந்து இன்னொன்றைத் திறந்தாள். ஒரு ஆல்பத்தின் இரட்டைப் பக்கம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படங்கள் அடுக்கியது. மங்கல் இயந்திரம் அதைச் சட்டென்று விரித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் நின்றது. பளபளப்பில், பொறுத்திரு என்று சொல்லும் மணற்கடிகாரம் வந்தது. கவிழ்ந்தது. மறுபடி கவிழ்ந்தது. மனைவி எலுமிச்சை சாதப் பொட்டலத்தின் நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். கடைக்குள் சாப்பிடக் கூடாது என்று விற்பனையாளர் கெஞ்சி முடித்த பிறகும் மணற்கடிகாரம் கவிழ்ந்துகொண்டுதான் இருந்தது.

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் புடவை உயிரோடு இருந்தது, வேலை நடக்காது. மற்றதில் வேலை நடக்கும், புடவை செத்திருந்தது.

"ஆவணிக்குள்ள முடிக்கணும்பா" என்று மங்கலைத் தொட்டாள். "கலரை எப்பிடியாவது சமாளிச்சிக்கலாம். இந்தக் கடிகாரத்த என்னா பண்றது?"

பேட்டரி நிற்கும் நேரம், உத்தரவாதம், பை இலவசமா என்றெல்லாம் நான் விசாரித்து முடித்தபோது கடை முதலாளியே வந்து எங்களை வாசல் வரை வழியனுப்பினார். திரும்பி வராமல் இருப்பதை உறுதி செய்துகொண்டிருக்கலாம். கடற்கரையில் மனைவி கடலைப் பார்க்காமல் லேப்டாப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செகண்ட்சுக்கு இவ்ளோ வெல."

வீட்டில் ஜன்னலோரம் மேஜை போட்டு வேலை தொடங்கியது. இங்கேதான் எங்கள் குடும்பத்தின் நிர்வாக மரபு குறுக்கே வந்தது. ஒரு வேலை நடந்தால் அதை ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். நான் மகளின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். நின்றபடி பார்த்தபோது திரையில் எல்லாமே சோறு வடித்த கஞ்சிபோல் வெளுத்திருந்தது.

"கலரே இல்லையேம்மா. இன்னும் கொஞ்சம் ஏத்து."

மகள் ஏற்றினாள். ஏற்கனவே அந்தத் திரைமேல் நம்பிக்கை இல்லாதவள். அப்பா சொல்கிறாரே என்று ஏற்றிவிட்டாள்.

மனைவி மேஜைக்குப் பக்கத்தில் தரையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவாள். அங்கிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தால் படம் முழுக்க இருண்டு கிடக்கும்.

"பொண்ணு ஏன்டி இப்பிடிக் கறுத்துக் கெடக்குது? பெத்தவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க? மொகத்த வெளுப்பாக்கு."

அதையும் செய்தாள். மேலிருந்து நான் நிறத்தை ஏற்றச் சொல்ல, கீழிருந்து அவள் அம்மா முகத்தை வெளுக்கச் சொல்ல, நடுவில் இருந்தவள் இரண்டு உத்தரவுகளையும் நிறைவேற்றினாள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவே ஒரு கோப்பு படும் பாட்டை அந்த மணப்பெண்ணின் முகம் பட்டது.

மாதிரிக்கு இரண்டு பக்கங்களை ஊரிலிருந்த கலர் லேபில் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோக்காரரிடம் காட்டினோம். நானும் கூடப் போயிருந்தேன், ஆய்வு அலுவலர் என்ற முறையில். அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, இது கல்யாண ஆல்பமா, தீமிதி ஆல்பமா?"

உண்மைதான். மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். புடவை நெருப்பு. அக்கினியும் புடவையும் ஒரே நிறத்தில் இருந்ததால் பெண் எது, ஹோமம் எது என்று தேட வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மஞ்சள் தண்ணீரில் நனைத்ததுபோல் இருந்தது.

மகள் முகம் சிவந்துவிட்டது. பிரிண்டில் இருந்த அதே சிவப்பு. ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். "பக்கம் அடுக்குனது நல்லாருக்குது. மெட்ராசுகாரன் இப்பிடி அடுக்க மாட்டான். கலருதான் தூக்குது. ஆவணிக்கு இன்னும் நாள் இருக்குது, இன்னொரு தடவ போட்டுப் பாரு. அப்பவும் இப்பிடின்னா நான் என்னா பண்ண முடியும், நீயே சொல்லு" என்றார்.

வீட்டில் மனைவி ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன், செகண்ட்சு வேணாம்னு." நானும் என் பங்குக்கு, பொருளைத் திருப்பி அனுப்பும் நடைமுறையை விளக்கத் தொடங்கினேன்.

"ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்க" என்றாள் மகள். "அப்பா, நீங்க நின்னுக்கிட்டுப் பாக்கறீங்க. அம்மா கீழ உக்காந்து பாக்குது. இந்த ஸ்கிரீனு மேலேருந்து பாத்தா வெளுப்பாக் காட்டுது, கீழேருந்து பாத்தா கறுப்பாக் காட்டுது. நாற்காலியில உக்காந்திருக்கறது நான். இனிமே நான் மட்டும்தான் பாப்பேன்."

அன்றோடு எங்கள் மேற்பார்வை ரத்தானது. ஆணை வாய்மொழியாக இருந்தாலும் மேல்முறையீட்டுக்கு வழி இல்லை.

அடுத்து அவள் செய்தது இந்த ஊர்ப் பெண் மட்டுமே செய்யக்கூடியது. கல்லூரி விடுமுறை ஒன்றில் பொழுதுபோகாமல் பொம்மைக் கம்பெனி ஒன்றில் வண்ணம் பூசப் போயிருந்தாள். அங்கே பூசும் நிறம் வேறு, சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. கருநீலமாக வர வேண்டிய பொம்மை உள்ளே போகும்போது சாம்பல் பூசியதுபோல் இருக்கும். அதனால் யாரும் கையில் இருக்கும் நிறத்தை நம்புவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளில் பூசி, வேகவைத்து, வெந்த துண்டுகளைக் கண்ணெதிரே மாட்டிவைத்துக்கொண்டு பூசுவார்கள்.

மகளும் அதேபோல் மணப்பெண்ணின் முகத்தையும் புடவையையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே தாளில் பல சின்னப் படங்களாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றையும் வெட்டி, கோந்து வைத்து ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். திரையில் எந்தப் புளிக்குழம்பு தாளில் அரக்காக வருகிறது என்று கண்ணுக்குப் பழக்கினாள். அதற்குப் பிறகு நிறத்துக்குச் சுவரைப் பார்ப்பாள், வேலைக்குத் திரையைப் பார்ப்பாள். இயந்திரமோ அடுக்கடுக்காகப் பக்கங்களைப் போட்டாலும் முனகாமல் திறந்தது. மின்சாரம் போனாலும் அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மங்கலான திரைக்குக் கண் பழகிவிடும். மெதுவான இயந்திரத்துக்கு எதுவும் பழகாது. இதை நான் முன்பே அறிந்து அந்த லேப்டாப்பைப் பரிந்துரைத்ததாகச் சில நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சுவரைப் பார்த்த உறவினர் ஒருவர், ஒரே பெண்ணை இத்தனை தடவை ஒட்டிவைத்திருக்கிறீர்களே, காணாமல் போய்விட்டாளா என்று கேட்டார்.

ஆல்பம் ஸ்டுடியோவுக்குப் போனது. ஆவணி பிறந்தது. மகள் மறுபடி அலமாரிப் பக்கம் போகத் தொடங்கியதைக் கண்டு எனக்குக் கவலையாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஸ்டுடியோக்காரரின் மொபெட் வாசலில் நின்றது. கையில் ஒரு துணிப்பை.

"பார்ட்டி வந்தாங்கம்மா" என்றார், உள்ளே வருவதற்கு முன்பே. "பொண்ணோட அம்மா ஆல்பத்துல புடவைய இப்பிடிக் கையால தடவிப் பாத்தாங்க. பொறவு பொண்ணப் பாத்து, அந்தப் புடவைய நல்லா மடிச்சி வெச்சிருக்கியாடின்னு கேட்டாங்க. வேற என்னா வேணும்?"

துணிப்பையிலிருந்து சி.டி.க்களைக் கட்டாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆனி மாதக் கல்யாணங்கள் மொத்தமும் அதில் இருந்தன. மகள், "காப்பி குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டாள். குரல் மட்டும் கொஞ்சம் உயரத்தில் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் நாற்காலிக்குப் பின்னால், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று திரையை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "என்னா சார் இது, எல்லாம் வெளுத்துக் கெடக்குது? இதுலயா செஞ்சிது?"

"அங்க நிக்கக் கூடாதுங்க" என்றேன். "நடைமுறை மாறிப்போச்சு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுவரைக் காட்டினாள் மகள். அவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே சாரல் அடித்தது. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மழ வருது பாருங்க. அந்த செகண்ட்ச மொதல்ல எடுத்து உள்ள வைங்க, நனைஞ்சிடப் போவுது!"