மீன் வாடை அடித்த கூரையறை

கிளிஃபோர்ட் சக்டனுக்குக் குளிர்காற்று என்றால் ஜென்மப் பகை. ஹாலிஃபாக்ஸ் பஸ் பணிமனையில், தகரக் கொட்டகைக்குள் முப்பது வருடம் எஞ்சின் பிரித்தவர். மகள் ஹிலரி கைக்குழந்தையோடு வீடு திரும்பியபோது, கூரைக்கடியில் கிடந்த பரணை அவளுக்கு அறையாக்கினார். சாய்வுச் சட்டங்களுக்கிடையே குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சை அடைத்தார். விரல் நுழையும் இடுக்கைக்கூட விடவில்லை. தரையில் பஞ்சு விரிக்கும்போது, குளியலறை வெந்நீர்க் கருவிக்குப் போகும் மின்கம்பி குறுக்கே வந்தது. அதை வெட்டி, பிளாஸ்டிக் இணைப்புப் பெட்டி வைத்து ஒட்டுப்போட்டு, அதன்மேலும் பஞ்சை இரண்டு மடிப்பாக மூடிப் பலகை அடித்தார்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மேலே மீன் வாடை அடித்தது. வெள்ளிக்கிழமையென்றால் அந்தத் தெரு முழுக்கப் பொரித்த மீன்தான். யாரும் சட்டை செய்யவில்லை.

சனிக்கிழமை காலையிலும் வாடை இருந்தது.

"அப்பா, மீன் சுத்தின காகிதத்த எங்க போட்டீங்க? மேல நாறுது."

"குப்பையிலதான். உன் மகளக் கேளு."

"ஆமா, நாலு மாசக் குழந்தை மீன் திங்குது!"

சிரித்துக்கொண்டே அவளோடு மேலே ஏறினார். தொட்டிலில் ஜெம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே மனைவி பிரெண்டா குளிக்கும் சத்தம். நிற்க நிற்க வாடை ஏறியது. மண்டியிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தார். தொட்டிலுக்கடியில் பலகை சுட்டது.

கருகும் மின்பெட்டிக்கும் இதே மீன் வாடைதான். பணிமனையில் எத்தனை முறை முகர்ந்திருக்கிறார்.

"குழந்தைய எடு."

"இப்பத்தான்ப்பா தூங்கினா..."

"எடுடீ!"

அவளை அவர் அப்படி அதட்டியதே இல்லை.

"பிரெண்டா! தண்ணிய நிறுத்து!"

"தலை பூரா சோப்பு, மனுஷா! செத்த பொறு!"

அவர் பொறுக்கவில்லை. படிகளில் தடுமாறி இறங்கி, வீட்டு மின்சாரத்தையே அணைத்தார். குளிர்ந்த நீர் பட்டு பிரெண்டா போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது.

பலகையைப் பெயர்த்தார். பெட்டி உருகிப் பழுப்பேறியிருந்தது. பக்கத்து மரச்சட்டம் ஒரு கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. அதற்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு பலகை.

திங்கட்கிழமை வந்த மின்பணியாளர் கம்பி முழுவதையும் மாற்றி, பஞ்சுக்கு மேலாகக் கொண்டுபோனார். "கம்பி சூட்ட வெளிய விடணும் சார். நீங்க போர்வை போத்திட்டீங்க. இனி பயமில்ல."

பயம் போகவில்லை. ஹிலரியையும் குழந்தையையும் கீழே பிரெண்டாவோடு படுக்க வைத்து, கிளிஃபோர்ட் தன் கட்டிலை மேலே ஏற்றினார். பதினோரு வருடம் வேறு யாரையும் அங்கே தூங்க விடவில்லை.

ஆயுளின் கடைசி வாரம் அவரால் படியேற முடியவில்லை. முன்னறையில் படுக்க வைத்தார்கள். ஹிலரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மேல யாரு படுத்திருக்கா?"

"யாரும் இல்லப்பா."

"ஜெம்மா?"

"கீழதான், என் பக்கத்துல."

"நிஜமா?"

"ஏறிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பிடி தளர்ந்தது.