எடைக்கு வந்த பச்சைப்பூ

பள்ளிக்கூட மெஸ்ஸில் கரண்டி பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: நம் சமையலை ருசி பார்க்க ஆள் வராது, நிறுத்துப் பார்க்க மட்டும் ஆள் வரும். சிவகாசிக்கு வெளியே, பட்டாசு முதலாளி ஒருவர் கட்டிய பள்ளியில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு. என்னோடு மூன்று பெண்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெட்டி வந்த நாள்

முதலாளியின் மருமகளை எல்லோரும் சின்ன மேடம் என்போம். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்தவர், அங்கே பிள்ளைகள் ஆர்டிசோக் என்று ஒரு பூவைச் சாப்பிடுகிறார்கள், நம் பிள்ளைகளும் சாப்பிட்டால்தான் உலகம் தெரியும் என்று முடிவு செய்துவிட்டார். கீரையைப் பார்த்தாலே தட்டை நகர்த்துகிற பிள்ளைகளுக்கு உலகம் எப்படித் தெரியவேண்டும் பாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து பெட்டி வந்தது. திறந்தால், உள்ளங்கை நிறையும் பச்சைக் குண்டுகள். செதில் செதிலாக இதழ், ஒவ்வொரு நுனியிலும் முள், அடியில் கட்டைக் காம்பு. காய் நறுக்கும் முத்துமாரி எங்களிடம் வருமுன் ஆறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யக்கா, இதுக்குத் திரி எங்கன இருக்கு?"

வாளியின் சட்டம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மிச்சம் வைப்பதை ஒரு வாளியில் கொட்டித் தராசில் வைப்பார்கள். வாளி கனத்தால் சமையல் மோசம். இலேசாக இருந்தால் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இந்தக் கணக்கில் எங்களுக்குப் பெயர் கிடைக்க வழியே இல்லை. வழக்கமாக மூன்று கிலோ வரும். நான் தினமும் பார்ப்பேன்.

பெட்டியோடு சின்ன மேடம் ஒரு நிபந்தனையையும் இறக்கினார். மதுரையிலிருந்து ஒரு கேட்டரிங் கம்பெனி மெஸ்ஸைக் கேட்கிறதாம். அவர்கள் வந்தால் நாங்கள் நால்வரும் வெளியே. முத்துமாரி மறுபடியும் விடியற்காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அந்த வேனை விட்டு இறங்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த மாசம் ஆர்டிசோக் போடற அன்னைக்கு வாளி அஞ்சு கிலோவைத் தாண்டக் கூடாதுங்க பெரியம்மா, அவ்வளவுதான்."

வடை

எப்படிச் சமைப்பது என்று கேட்டேன். வழவழப்பான தாளில் கலரில் அச்சடித்த ஒரு விளம்பரம் கொடுத்தார். சிவகாசியில் அச்சுக்கா பஞ்சம்? ஆர்டிசோக்கின் நன்மைகள் ஒன்பது இருந்தன. சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தைகள் இருவர் இருந்தார்கள். அடுப்பில் எவ்வளவு நேரம் வைப்பது என்பது மட்டும் இல்லை.

பார்க்க வாழைப்பூ ஜாடை. ஆகவே வாழைப்பூ வைத்தியமே செய்தோம். இதழ்களையெல்லாம் உரித்து எறிந்துவிட்டு, நடுவில் இருந்த பஞ்சுபோன்ற பூவை எடுத்து, மோர்த் தண்ணீரில் போட்டு, பருப்போடு அரைத்து, இரண்டு வடை தட்டினோம். பிள்ளைகளுக்குப் போடுமுன் நானும் முத்துமாரியும் ஆளுக்கொன்று கடித்தோம். தொண்டையெல்லாம் அறுத்தது. முத்துமாரி துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "யக்கா, முடி வாட்டாத ஆட்டுத்தலையக் கடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

மாத்திரை

பிறகுதான் மேடம் செல்போனில் வீடியோ காட்டினார். நாங்கள் செய்தது தலைகீழ். எறிந்த இதழின் அடியில்தான் சதை. வைத்துக்கொண்ட பஞ்சுதான் குப்பை. மேல்பாகத்தை வெட்டி, முள் நுனிகளைக் கத்தரித்து, வெட்டிய இடம் கறுக்காமல் எலுமிச்சை தேய்த்து, இட்லிக் கொப்பரையில் முக்கால் மணி நேரம் அவிக்க வேண்டும். இதழை இழுத்ததும் கையோடு வந்தால் வெந்தது. இவ்வளவுதான். இதற்கு ஒன்பது நன்மை தேவையில்லை.

ஆனால் இதழைப் பிள்ளைகள் கையால் இழுத்துத் தின்றால் பார்க்க அழகாக இருக்காதாம். அடியில் இருக்கும் குருத்தை மட்டும் எடுத்துச் சதுரமாக நறுக்கச் சொன்னார். முப்பது பூவுக்கு நூற்று நாற்பது பிள்ளை. ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு விழுந்தது. சாம்பார் சாதத்தின் ஓரத்தில் அதை வைத்துப் படம் எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு ஹரிணி, மல்லாங்கிணற்றிலிருந்து வேனில் வருகிறவள், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்: "மிஸ், மாத்திரைக்குத் தண்ணி தாங்க."

முருங்கைக்காய்

பாதித் துண்டு வாளிக்குத்தான் போனது. துண்டு சிறிது என்பதால் வாளி நான்கு கிலோவில் தப்பியது. மேடத்துக்கு அதில் நிறைவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள், ஆளுக்குப் பாதிப் பூவாவது தட்டில் தெரிய வேண்டும் என்றார். அழகு போனால் போகிறது, இப்போது அளவு வேண்டும்.

வியாழனன்று ஒரு பூவை மட்டும் அவித்து, இதழ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த ஹரிணி ஓர் இதழைக் கேட்டு வாங்கினாள். கிண்ணத்தில் இருந்த மிளகு போட்ட நெய்யில் தோய்த்தாள். பல்லால் ஒரு இழுப்பு. சதை உள்ளே, சக்கை வெளியே. யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொன்றுக்குக் கை நீட்டிக்கொண்டே, "இது முருங்கக்காதான் பெரியம்மா, வேற சட்ட போட்டு வந்துருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை

எழுபது பூவை அவித்து, நீளவாக்கில் பிளந்து, பஞ்சைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, நெய் மிளகோடு வைத்தோம். ஹரிணி தன் பெஞ்சுக்குக் காட்டினாள், அந்தப் பெஞ்சு அடுத்ததற்கு. ஆங்கில மிஸ் முள்கரண்டியை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினார், வாங்க ஆளில்லை. பிள்ளைகள் அடிக் குருத்தையும் விடவில்லை. நான் தட்டுத் தட்டாகப் பார்த்தேன். நூற்று முப்பத்தாறு பிள்ளைகள் தின்றிருந்தார்கள். மற்ற நால்வருக்குக் காய்ச்சல், பள்ளிக்கே வரவில்லை.

பிறகு வாளி. பதினான்கு கிலோ. பெற்றோர் முன்னால் மேடத்தின் முகம் சிவந்தது. "ஒருத்தரும் சாப்பிடலையா? என்ன சமைச்சீங்க?" என்றார். வாளிக்குள் கிடந்தவை பல் தடம் பதிந்த இதழ்கள். குனிந்து பார்த்தால் தெரியும். தராசு வாங்கியவர்கள் குனிவதில்லை. முத்துமாரி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். கை கழுவ வரிசையில் நின்ற ஹரிணி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அது எலும்பு மிஸ்! கோழிக்கறி போட்டா எலும்பையும் திங்கச் சொல்லுவீகளா?"

பெற்றோர் சிரித்துவிட்டதால் மதுரைக் கம்பெனி வரவில்லை, முத்துமாரி வேனில் ஏறவில்லை, இப்போது எங்கள் மெஸ்ஸில் இரண்டு வாளிகள்: ஒன்றை எடை போடுகிறார்கள், எலும்பு வாளியைப் படம் எடுத்துப் பள்ளியின் பெருமை என்று ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள்.